நெல்லியடியிலிருந்து குருநகருக்கு: ஒரு வெள்ளைக் கவுணும் ‘மோடா’ என்ற சொல்லும்

பதினேழு மைல் போய் வந்ததையெல்லாம் ஒரு பயணமென்று எழுதுவதா என்று கேட்பீர்கள். காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், கப்பலேறிச் சீமைக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் நெல்லியடியிலிருந்து குருநகருக்குப் போனவன். அன்றைக்கே திரும்பியும் விட்டேன். ஆனால் அந்த ஒரு நாளில் ஒரு இத்தாலியச் சொல்லையும் அதை எங்கே எப்படிச் சொல்வது என்பதையும் கற்றுக்கொண்டேன். என் தலைக்கனத்தில் பாதியையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அதே வழியில் போக இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன்.

போனது போன வருஷம் ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. அப்போது யுத்தம் தொடங்கவில்லை. போன காரணம் ஒரு கலியாணக் கவுண்.

நெல்லியடிச் சந்தைக்கு எதிரே எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஒரு மெசின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. படத்தைக் காட்டினால் போதும், அப்படியே தைத்துத் தருவேன் என்று பன்னிரண்டு வருஷமாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

சவிரிமுத்து குருநகர் ஆள். முன்பு கருவாட்டு லொறியோடு சந்தைக்கு வருவான். லொறி திரும்பும்வரை என் கடை வாங்குப் பலகையில் இருந்து கதைப்பான். பிறகு கொழும்புக்குப் போய், அங்கே வந்துபோகும் ஒரு இத்தாலியக் கப்பலில் சமையற்கட்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சித்திரையில் லீவில் வந்தவன், ஒரு பொட்டலத்தோடு என் கடை வாசலில் நின்றான். பிரித்துப் பார்த்தால் ஏழு யார், அதாவது ஏழு கஜம், வெள்ளைப் பட்டு. கையில் பிடித்தால் தண்ணீர் போல வழுக்கியது. கூடவே, பெண்களின் உடுப்புப் படங்கள் நிறைந்த ஒரு இத்தாலியப் பத்திரிகை.

“தங்கச்சி அக்னேஸுக்கு ஆனியிலை கலியாணம். உந்தப் படத்திலை இருக்கிற மாதிரித் தைச்சுத் தரவேணும், அண்ணை. நான் நிக்கமாட்டன். கப்பல் அடுத்த கிழமை வெளிக்கிடுது. நான் இல்லாட்டியும் என்ரை பட்டு அவளோடை கோயிலுக்குப் போகட்டும்” என்றான். தகப்பன் கடலோடு போய் ஒன்பது வருஷம். அந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று இருப்பவன் இவன் ஒருவன்தான்.

பத்திரிகையின் முகப்பில் பெரிதாக நாலு எழுத்து. இங்கிலீசு எழுத்துக் கூட்டி வாசித்ததில் ‘மோடா’ என்று வந்தது. பொருள் இருவருக்கும் தெரியாது. “கப்பலிலை வாற பொம்பிளையள் அடிக்கடி சொல்லுற சொல்லுத்தான். நல்லதாத்தான் இருக்கும்” என்றான் சவிரிமுத்து. அந்தக் கவுணுக்கு அதுதான் பேர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், “பொறுங்கோ, இப்ப ஒரு இத்தாலி மோடா தைச்சுக்கொண்டிருக்கிறன்” என்று சொல்லி ஆளை அனுப்பினேன். கல்லூரி மாஸ்டர் ஒருவர் அப்படியென்றால் என்னவென்று கேட்டார். “உங்களுக்குத் தெரியாததோ!” என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

அளவுக்கு என்னிடம் இருந்தது அக்னேஸின் பழைய சட்டை ஒன்றும், தோளிலிருந்து நிலம்வரை அளந்து முடிச்சுப் போட்ட நூலொன்றும். படத்தில் இருந்த கவுண் இடுப்பிலிருந்து வழிந்து கீழே விரிகிற வகை. துணியைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டினால்தான் அப்படி வரும். அப்படி வெட்டினால் துணி போகிற போக்கே தெரியாது. ஏழு யாரில் எனக்கு மிஞ்சியது முகம் துடைக்கும் லேஞ்சி அளவுத் துண்டு ஒன்று. ஆனால் கவுண் அப்படி வந்தது! கண்ணாடிக்கு முன் தூக்கிப் பிடித்துவிட்டு எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். எங்கள் சைவ வீடுகளில் புதுத் துணியை மஞ்சள் தொடாமல் உடுப்பதில்லை. அதனால் என் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் குழைத்த மஞ்சள் எப்போதும் இருக்கும். தைத்து முடித்த எந்த உடுப்பும் அதில் விரலைத் தொட்டு ஒரு பொட்டு வைக்காமல் கடையை விட்டுப் போனதில்லை. கலியாண உடுப்பென்றால் மூன்று பொட்டு: இரண்டு கை ஓரத்திலும் ஒவ்வொன்று, முன்பக்கம் அடி ஓரத்தில் ஒன்று. சிவப்பிலும் பச்சையிலும் அந்தப் பொட்டு கண்ணுக்கே தெரியாது. புதன்கிழமை பின்னேரம் கவுணின் கடைசி நூலை அறுத்தேன். கை தன் பாட்டில் சிரட்டைக்குப் போனது. மூன்றாவது பொட்டையும் வைத்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதை என் கண் பார்த்தது.

வெள்ளைப் பட்டில் மூன்று மஞ்சள் பொட்டு. திங்கட்கிழமை காலை கலியாணம். பதறிப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்து, குத்திய விரலிலிருந்து இரத்தம் சிந்தினது போல வந்து நின்றது. அடியைக் கத்தரிக்கலாம் என்றால் நீளம் நூலின் முடிச்சுக்குச் சரியாக இருந்தது. வேறு துணி போட்டு மாற்றலாம் என்றால் அந்தப் பட்டு இத்தாலியில், நேப்பிள்ஸில்தான் இருக்கிறது. சவிரிமுத்து எந்தக் கடலில் நிற்கிறானோ! அவனுடைய தங்கை அவனுக்குப் பதிலாகக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரே பொருளை நான் கெடுத்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. பாக்கியம், அதுதான் என் மனைவி, “முகம் என்ன ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று கேட்டாள். தலையிடி என்றேன். குருநகருக்குக் கிட்ட ஒரு கன்னியர் மடத்தில் இத்தாலிச் சிஸ்டர் ஒருவர் பிள்ளைகளுக்குத் தையலும் லேஸும் பழக்குவதாகச் சவிரிமுத்து சொல்லியிருந்தான். இத்தாலிப் பட்டுக்கு வந்த வருத்தத்துக்கு இத்தாலிக்காரிதான் மருந்து தரும் பரிகாரி என்று தீர்மானித்து, கவுணையும் பத்திரிகையையும் ஒரு வெள்ளை வேட்டியில் கட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலை ஆறேகாலுக்கு நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறினேன். பட்டினம்வரை நாற்பது சதம். பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்ததைச் சாரதி கண்ணாடியில் பார்த்திருக்கவேண்டும்.

“அண்ணை, உந்தப் பொட்டலத்தைக் கூரையிலை போடுங்கோவன். சனம் ஏறப்போகுது.”

“ஏலாது. கலியாண உடுப்பு.”

“அப்ப ஆருக்குக் கலியாணம்? உங்கடை முகத்தைப் பாத்தால் செத்தவீட்டுக்குப் போறவர் மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் வெளியே பார்த்தேன்.

வல்லைப் பாலத்தில் காற்று எப்போதும் பொல்லாதது. ஆனி மாதத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வேறு. பக்கத் திரைகள் படபடவென்று அடிக்க, உப்புத் தண்ணீர் வாசம் முகத்தில் மோதும். தொப்பி, சால்வை, குடை எதுவானாலும் பாலம் வருமுன் அடக்கிக்கொள்ளுங்கள். வல்லைவெளியில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற எட்டு நிமிஷம் நிறுத்தினார்கள். புத்தூரில் புகையிலைச் சிப்பங்களும், நீர்வேலியில் வாழைக்குலைகளும் ஏறின. குலை ஒன்றின் பால் பொட்டலத்தில் படப்போகிறதே என்று, கோப்பாய் தாண்டும்வரை எழுந்து நின்றே போனேன். பட்டினத்துக்குச் சேர எட்டு மணி பத்து நிமிஷம்.

பெரிய கடைத் தெருவில் இரண்டு தோசையும் ஒரு தேத்தண்ணியும் எட்டுச் சதம். தோசை நல்ல தோசைதான், எனக்குத்தான் இறங்கவில்லை. அங்கிருந்து மடத்துக்கு ஒரு மைலுக்குச் சற்றுக் கூட. றிக்சோக்காரர் இருபது சதம் கேட்டார், நடந்தேன். கடற்கரையை நெருங்க நெருங்கக் கருவாட்டு வாசமும் தார் வாசமும் வரும். எனக்கு அது சவிரிமுத்துவின் வாசம்.

மடத்து வாசலில் மணியை அடித்தேன். கால் மணித்தியாலம் காத்திருந்த பிறகு சிஸ்டர் கிளாரா வந்தார். கிழவி ஒருத்தி வருவார் என்று நினைத்திருந்தேன். என் வயதுதான் இருக்கும், நாற்பது. விரலில், தைக்கும்போது ஊசி குத்தாமல் போடும் ஊசிக்கூடு கழற்றாமல் இருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பாதி பயம் போனது. தமிழ் நன்றாகக் கதைத்தார்; ‘ழ’ எங்களிலும் திருத்தமாக வந்தது.

குருநகர் அக்னேஸுக்குத் திங்கட்கிழமை கலியாணம் என்று சொல்லிக்கொண்டு வேட்டிப் பொட்டலத்தை அவிழ்த்தேன். அவர் கவுணைப் பார்க்கவில்லை. பத்திரிகையைத்தான் முதலில் எடுத்தார். முகப்பைப் பார்த்தார், திருப்பினார், ஏதோ ஒரு பக்கத்தை வாசித்துத் தனக்குள் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் இங்கை வந்து பதினாலு வருஷம். எங்கடை பாஷையிலை செபப் புத்தகம்தான் வரும். உப்பிடி ஒண்டும் வாறேல்லை” என்றார். “எங்கடை அம்மா இத்தாலியிலை தூரின் எண்ட ஊரிலை தையல்காரி. பத்தொன்பது வயசுமட்டும் நானும் அவவோடை இருந்து தைச்சனான்.”

அவருக்கும் என் தொழில்தான் என்று தெரிந்ததும் என் வாய் திறந்துகொண்டது. “நான் இப்ப தைச்சது ஒரு மோடா, சிஸ்டர்” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஊசிக்கூடு கழன்று விழுந்தது. “மோடாவைத் தைக்கேலாது! சனம் அந்தந்தக் காலத்திலை எப்பிடி உடுக்க விரும்புதோ, அந்தப் போக்குத்தான் மோடா. இண்டைக்கு நீளக் கை, நாளைக்குக் கட்டைக் கை. அதைத் துணியிலை வெட்டலாமோ?”

பிறகு அதன் வழக்கையும் சொல்லித்தந்தார். ‘ஆல்லா மோடா’ என்றால் காலத்துப் போக்குக்கு ஏற்றபடி என்று அர்த்தம். ஒன்று இப்போது எல்லாராலும் விரும்பப்பட்டு நடப்பில் இருந்தால் ‘வா தி மோடா’ என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டால் ‘பஸ்ஸாத்தோ தி மோடா’. நான் ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொன்னேன். எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றார். “கல்லூரி மாஸ்டர்மார் கோட்டுப் பொக்கற்றிலை பேனை குத்துறது, வா தி மோடா. குடுமி, பஸ்ஸாத்தோ தி மோடா” என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு, தன் நீண்ட வெள்ளை உடுப்பைத் தொட்டுக் காட்டி, “இது?” என்றார்.

“இது ஒருநாளும் மோடாவிலை இருந்ததில்லை. அதாலை பஸ்ஸாத்தோ ஆகவும் மாட்டுது” என்றார். அந்த இடத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பத்திரிகையின் அடிவரியை வாசித்தவர், அது எட்டு வருஷம் பழசு என்றார். சவிரிமுத்து ஏதோ பழைய புத்தகக் கடையில் வாங்கியிருக்கிறான்! படத்தில் உள்ள கவுண் தூரினில் எப்போதோ பஸ்ஸாத்தோ தி மோடா. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே ஆறுதலும் சொன்னார்: “குருநகருக்கு அது வாற திங்கள்தானே வருகுது. இங்கை அது புதுசு. மோடாவுக்கு ஊர் ஊராய் வேறை வேறை கலண்டர்.”

அதன்பிறகுதான் கவுணை விரித்தோம். தையலை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். இடது தோளில் ஒரு சுருக்கு என்றார். இல்லையென்று வாதாடினேன். இருந்தது. பிறகு பொட்டுகளைக் கண்டார். நடந்ததை எல்லாம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவருக்கு அதற்கு மருந்து தெரியவில்லை. “எங்கடை ஊரிலை கலியாண உடுப்பிலை வைன் விழும். உப்புப் போட்டு எடுப்பம். மஞ்சளைப்பற்றி எனக்குத் தெரியாது” என்றார். பதினேழு மைல் அணைத்துக்கொண்டு வந்த நம்பிக்கை அந்த இடத்தில் கையைவிட்டுப் போனது. சிஸ்டர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே பிள்ளைகள் பின்னிய லேஸ் பூக்கள். மூன்றை எடுத்துப் பொட்டுகளின் மேல் வைத்தார். அச்சொட்டாகப் பொருந்தின.

“இதைத் தைப்பம், சிஸ்டர்! ஆருக்கும் தெரியாது!” என்று ஊசியைக்கூட எடுத்துவிட்டேன்.

அவர் பூக்களைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினார். “தைக்கலாம். முதல் அக்னேஸிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அவவின்ரை கவுணெல்லோ? சொல்லாமல் மூடினால், திங்கட்கிழமை கோயிலிலை எல்லாரும் கலியாணப் பொம்பிளையைப் பாப்பினம், நீங்கள் அந்தப் பூவைத்தான் பாத்துக்கொண்டு நிப்பியள்.”

கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம். வழி கேட்டுக்கொண்டு புறப்பட்டேன். அரை மைல் கூட இல்லை; எனக்கு அதுதான் அன்றைய பயணத்தில் நீளமான பகுதி.

கிடுகு வேலிப் படலையைத் திறக்க, முற்றத்துப் பாயில் நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குனிந்து அதைக் கையால் பிரட்டிக்கொண்டிருந்தாள். அக்னேஸ்தான். இருபத்திரண்டு வயதிருக்கும், சவிரிமுத்துவின் அதே மூக்கு. நான் யாரென்று சொன்னதும் தாய் மதலேனம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். நாளைக்குப் போக இருந்தோம், நீங்களே கொண்டுவந்துவிட்டீர்களே என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால்தான் நான் வேட்டிப் பொட்டலத்தை அவிழ்க்க வேண்டியிருந்தது.

“ஐயோ மாதாவே! ரத்தம் மாதிரியெல்லோ கிடக்கு!” மதலேனம்மா நெஞ்சில் கைவைத்து நிலத்தில் இருந்துவிட்டார். “பிள்ளை அனுப்பின பட்டு… அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுவன்?”

“பிழை என்ரைதான், அம்மா. மஞ்சள் பொட்டு. பழக்கத்திலை வைச்சுப்போட்டன்” என்றேன்.

அக்னேஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து அடி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். “மஞ்சளோ? சோப்புப் போட்டனீங்களோ, அண்ணை?”

“ஓம்.”

“அதுதான் சிவந்தது. மீனுக்கு மஞ்சள் பிரட்டி என்ரை எத்தினை சட்டை உப்பிடிச் சிவந்து போச்சு. தேசிக்காய்ப் புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும். பிறகு ஈரத்தோடை வெயிலிலை போட்டால் வெளுத்திடும். மஞ்சள் வெயிலுக்கு நிக்காது.” இதைச் சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்து, “எழும்பணை அம்மா, தேசிக்காய் கிடக்கோ பார்” என்றாள்.

எலுமிச்சங்காயைப் பிழிந்து விட்டு, பதினொரு மணிக்கு முன் கவுணை வெயிலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நெத்தலிப் பாய்க்கு எதிர்க்காற்றுப் பக்கமாகக் கொடி கட்டி, அதில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் போட்டோம். காகத்தை விரட்ட எனக்கு ஒரு பூவரசங் கம்பு தந்தார்கள். பன்னிரண்டு வருஷத் தையல்காரன் கம்போடு கருவாட்டு முற்றத்தில் காவல் இருந்தேன். அரை மணிக்கொருதரம் அக்னேஸ் வந்து பொட்டுகளில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவாள். மத்தியானம் மதலேனம்மா, “தம்பி சைவப் பிள்ளையெல்லோ” என்று பக்கத்து வீட்டில் ஒரு புதுச்சட்டி வாங்கி, அதில் முருங்கைக்காய்க் கறி வைத்துச் சோறு போட்டார். காலையில் அவரைக் கலங்கவைத்தவன் நான். அந்தச் சோற்றைச் சாப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன் என்பது வேறு கதை.

ஒரு மணிக்கு இடது கைப் பொட்டுப் போனது. இரண்டு மணிக்குள் வலது கையும் வெள்ளையாகிவிட்டது. நான் அதிகம் தேய்த்தது அடி ஓரப் பொட்டை; அதுதான் பிடிவாதம் பிடித்தது. மூன்று மணிக்கு அதுவும் வெளிறி, ஒரு துவரம் பருப்பளவு இளமஞ்சளாக நின்றது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு உயிர் வந்தது.

“இன்னும் ஒரு மணித்தியாலம், பிள்ளை. துப்பரவாய்ப் போயிடும்” என்றேன்.

அக்னேஸ் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கவுணைக் கொடியிலிருந்து எடுத்தாள்.

“இது கிடக்கட்டும், அண்ணை.”

“விசர்க்கதை கதையாதை. கலியாணக் கவுண்!”

“நீங்கள் உந்தப் பொட்டை என்னத்துக்கு வைக்கிறனீங்கள்?”

“உடுக்கிற பிள்ளை நல்லா இருக்கவேணும் எண்டுதான்.”

“என்ரை அண்ணை பட்டை அனுப்பினார். ஆனால் அண்டைக்குத் தலையிலை கை வைச்சு, நல்லா இரு எண்டு சொல்ல அவர் இல்லை. நீங்கள் அவரின்ரை சிநேகிதர். அவருக்குப் பதிலா நீங்கள் வைச்சதெண்டு இது கிடக்கட்டும். எனக்கு மட்டும் தெரிஞ்சால் போதும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. மதலேனம்மாவும் அழுதார். அக்னேஸ் மட்டும் அழாமல் கவுணை மடித்தாள். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் கிளாரா தகரப் பெட்டியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். கோயிலுக்கு மஞ்சள் பொட்டோடு போகலாமோ என்று மதலேனம்மா அவரிடம் கேட்டார். சிஸ்டர் பொட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். “கலியாணத்துக்கு வாறவை பொம்பிளையின்ரை முகத்தைப் பாப்பினம். நிலத்திலை குனிஞ்சு அடியைப் பாக்கிறவையைப்பற்றி எனக்குக் கவலையில்லை” என்று சொல்லி, பெட்டியைத் திறக்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டார். இடது தோள் சுருக்கை மட்டும் அங்கேயே பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

வல்லை வழியாகப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டதால் திரும்பியது கொடிகாமம் வழியாக. நடந்து ஸ்டேசனுக்கு வர அரை மணித்தியாலம். ஐந்து மணி ஐந்துக்கு றெயில், கொடிகாமத்துக்கு மூன்றாம் வகுப்பு முப்பது சதம். சாவகச்சேரியில் மாம்பழக் கூடைகளோடு ஏறியவர்கள் எனக்கும் ஒன்று வெட்டித் தந்தார்கள். கொடிகாமத்தில் மரக்கறிச் சந்தை முடிந்து திரும்பும் பஸ் கிடைத்தது, இருபது சதம். நெல்லியடியில் இறங்க ஏழு மணி. அன்றைய முழுச் செலவு தொண்ணூற்றெட்டுச் சதம்.

வீட்டில் அப்போதுதான் பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, “தேசிக்காய் விட்டு வெயிலிலை போட்டால் சரி. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?” என்றாள். கேட்டிருக்கலாம். வியாழக்கிழமை அலுவல் முழுவதும் வீட்டு முற்றத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்டிருந்தால் மூன்று பொட்டும் போயிருக்கும். அக்னேஸின் சொல்லை நான் கேட்டிருக்க மாட்டேன்.

இனிப் போகிறவர்களுக்கு. காலை ஆறேகால் பஸ்ஸே நல்லது. அடுத்த பஸ் கல்லூரிப் பிள்ளைகளால் நிரம்பிவிடும். வல்லைக் காற்றுக்குப் பயந்தவர்கள் இடப்பக்கத்தில் இருக்கவேண்டாம். நுண்ணிய துணி கொண்டுபோகிறவர்கள் நீர்வேலியில் எழுந்து நில்லுங்கள். பின்னேரம் திரும்ப நேரமானால் கொடிகாமம் வழியை மறக்கவேண்டாம். யுத்தத்தால் பெற்றோல் தட்டுப்பாடு வரும் என்கிறார்கள். அதனால் பஸ் நேரங்களைச் சந்தியில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். மடத்து மணியை ஒருதரம் அடித்தால் போதும். வெள்ளைத் துணியில் மஞ்சள் பட்டால் சோப்புக்குப் போகாதீர்கள். தெரியாத சொல்லை ஊரெல்லாம் சொல்லித் திரியுமுன் தெரிந்தவரிடம் கேளுங்கள். கல்லூரி மாஸ்டரிடம் நானே போய் மோடாவுக்குப் பொருள் சொல்லிவிட்டு வந்தேன்.

இதை எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒன்று. குருநகரிலிருந்து ஒரு தாயும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள். வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தார்கள். தை மாதம் கலியாணம். அக்னேஸ் போட்ட கவுண் போலவே வேண்டும் என்றார்கள். தூரினில் அதைப் போட்டால் சிரிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அளவெடுத்து எழுதினேன். படியிறங்கப் போன தாய் திரும்பி வந்தார்.

“அடியிலை ஒரு மஞ்சள் பொட்டு வைப்பியளாம். அதையும் மறக்காமல் வைச்சுவிடுங்கோ.”

“ஆர் சொன்னது?”

“அக்னேஸே பிறகு தோழியளுக்குச் சொன்னவளாம். எங்கடை பக்கத்திலை இப்ப வைக்கிறவை. அண்ணன்மார் தூரத்திலை இருக்கிற பிள்ளையளுக்கு.”

வா தி மோடா என்று என் வாய் தானாகவே சொன்னது. சொல்லிக் கொடுத்தவர் அருகில் இருந்திருந்தால் சரியென்று தலையாட்டியிருப்பார். தாய்க்கு விளங்கவில்லை. நான் அந்தப் பிள்ளையிடம், “உன்ரை அண்ணை எங்கை, பிள்ளை?” என்று கேட்டேன்.

“மலாயாவிலை. மூண்டு வருஷம்” என்றாள்.

கவுண் நேற்றுத்தான் முடிந்தது. சிரட்டையில் புதிதாக மஞ்சள் குழைத்தேன். இந்தமுறை என் கை தன் பாட்டில் போகவில்லை. அந்த அண்ணனை நினைத்துக்கொண்டு, அடி ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன்.